144 கணினிகளும் அவற்றுக்கு நடுவே ஓடும் கேபிளும்

சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-ஆம் ஆண்டு ‘கப்ரு’ என்றொரு கணினிக் கொத்து ஓடத் தொடங்கியது. கப்ரு என்பது இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயர். 144 கணினிகள், ஒவ்வொன்றிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள, இன்டெல்லின் ஜியான் ரகப் புராசசர்கள் இரண்டு. புரோட்டானுக்குள் குவார்க் என்ற நுண்துகள்களைக் கட்டிவைத்திருக்கும் விசையைக் கணக்கிட்டுப் பார்ப்பது அதன் முக்கியமான வேலை.

கணினிகள் அப்படியொன்றும் விசேஷமானவை அல்ல, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் சர்வர்கள்தான். விசேஷம் பின்பக்கத்தில் இருந்தது. அலுவலகக் கணினிகளை இணைக்கும் சாதாரண ஈதர்நெட் நெட்வொர்க்கே போதும் என்று விடாமல், எஸ்சிஐ என்ற தனி ரக நெட்வொர்க் கார்டுகளைப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கணினியும் இடம்-வலம், மேல்-கீழ், முன்-பின் என்று மூன்று திசையிலும் பக்கத்துக் கணினிகளோடு கேபிளால் இணைந்திருந்தது. ஒரு வரிசையின் கடைசிக் கணினியிலிருந்து புறப்படும் கேபிள் திரும்பி வந்து முதல் கணினியில் சேரும்.

இந்த மாதிரி கார்டுகள் மலிவானவை அல்ல. அந்தக் காசுக்கு இன்னும் சில கணினிகளை வாங்கிப் போட்டிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். ஏன் கூடாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், அதைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் அதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல கணினிகளை நெட்வொர்க்கால் கட்டி, ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்ய வைத்தால் அது கணினிக் கொத்து. தொழிலில் இருப்பவர்கள் கிளஸ்டர் என்றுதான் சொல்வார்கள். கடையில் கிடைக்கும் கணினிகளை வைத்தே இதைச் செய்யலாம் என்று பரவலாகக் காட்டியது நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 1994-இல் கட்டிய ‘பேவுல்ஃப்’. அதில் 16 கணினிகள், எல்லாம் அந்தக் காலத்து 486 புராசசர் ரகம். அந்தச் சின்னக் கொத்திலேயே 10 மெகாபிட் ஈதர்நெட் ஒன்று போதவில்லை. இரண்டு ஈதர்நெட் கேபிள்களைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தினார்கள். கிளஸ்டர் பிறந்த அன்றே கேபிள் தகராறும் பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

நானோவிநாடியை விநாடியாக்கிப் பார்ப்போம்

கணினிக்குள் நடப்பதை நானோவிநாடியில் அளக்கிறோம். ஒரு விநாடியை நூறு கோடித் துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு நானோவிநாடி. இந்த எண்கள் மனதில் நிற்காது. அதனால் ஒரு நானோவிநாடியை ஒரு விநாடி என்று ஊதிப் பெருக்கிக்கொள்வோம்.

புராசசருக்குள்ளேயே இருக்கும் கேச் என்ற குட்டி நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுக்க ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். மேசைமேல் கிடக்கும் பேனாவை எடுக்கும் நேரம். அதே கணினியின் முதன்மை நினைவகத்திலிருந்து எடுக்க 100 விநாடி. அடுத்த அறைக்குப் போய் அலமாரியைத் திறந்து எடுத்து வருகிற நேரம். நல்ல கிளஸ்டர் நெட்வொர்க் வழியாகப் பக்கத்துக் கணினியிலிருந்து எடுக்க 25 நிமிடம், அதாவது உண்மையில் 1.5 மைக்ரோவிநாடி (ஒரு மைக்ரோவிநாடி என்பது 1,000 நானோவிநாடி). சாதாரண ஈதர்நெட்டில், இணையத்தின் வழக்கமான முறையான டிசிபி வழியாகப் போனால் 20 முதல் 50 மைக்ரோவிநாடி வரை ஆகும். 30 என்று வைத்துக்கொண்டால் நம் கணக்கில் 8 மணி 20 நிமிடம். சென்னையில் இரவு பஸ் ஏறி மதுரையில் போய் இறங்குவது போல.

பேனா கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதற்கும் மதுரையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. புராசசர் இந்த எட்டு மணி நேரமும் வேறு வேலை இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும். கரண்ட் செலவு மட்டும் நிற்காது.

பஸ் உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். பஸ்ஸில் ஒருவர் போனாலும் ஐம்பது பேர் போனாலும் பயண நேரம் ஒன்றுதான். நெட்வொர்க்கிலும் இரண்டு வேறு அளவுகள் உண்டு. முதல் பைட் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பது தாமதம், லேட்டன்சி என்பார்கள். ஒரு விநாடியில் எவ்வளவு பைட் போகும் என்பது பேண்ட்வித். வீட்டு இன்டர்நெட் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடுவது பேண்ட்வித்தை மட்டும்தான். தாமதத்தை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. கிளஸ்டரில் கழுத்தை அறுப்பது பெரும்பாலும் அதுதான்.

எண்ணாகவே பார்ப்போம். 10 ஜிகாபிட் கேபிள் ஒன்றில் விநாடிக்கு 125 கோடி பைட் போகும். 8 பைட் உள்ள ஓர் எண் அதில் கடக்க வெறும் 6.4 நானோவிநாடி போதும். ஆனால் தாமதம் 30 மைக்ரோவிநாடி, அதாவது 30,000 நானோவிநாடி. இப்போது 1,000 எண்களை அனுப்ப வேண்டும். ஒன்று போய்ச் சேர்ந்தபின் அடுத்தது என்று தனித்தனியாக அனுப்பினால் 30,000 மைக்ரோவிநாடி. ஆயிரத்தையும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பினால் 30 மைக்ரோவிநாடி தாமதம், 6.4 மைக்ரோவிநாடி பயணம், மொத்தம் 36.4. எண்ணூறு மடங்குக்கு மேல் வித்தியாசம், ஒரு பைசா செலவில்லாமல்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கல்லூரியில் நண்பர்கள் சேர்ந்து நான்கு பழைய கணினிகளை ஒரு ஹப்பில் மாட்டி, அணிப் பெருக்கல் செய்யும் புரோகிராம் ஒன்றை ஓட்டினோம். ஒரே கணினியில் ஓடியதைவிட நான்கில் மெதுவாக ஓடியது. கேபிளை மாற்றினோம், ஹப்பை மாற்றினோம், ஒருவன் ஜன்னலைத் திறந்து காற்று வர வைத்தான். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, நான் எழுதிய லூப்புக்குள்ளே ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று. ஆயிரம் பேரை ஆயிரம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

அந்த 30 மைக்ரோவிநாடி எங்கே போகிறது?

கேபிளின் குற்றம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கண்ணாடி இழையில் ஒளி ஒரு மீட்டர் போக 5 நானோவிநாடிதான் எடுக்கிறது. 20 மீட்டர் கேபிள் என்றால் 100 நானோவிநாடி, அதாவது 0.1 மைக்ரோவிநாடி. மீதி 29.9?

அதில் பெரும்பகுதி மென்பொருளில் போகிறது. உங்கள் புரோகிராம் ‘இதை அனுப்பு’ என்றதும் வேலை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் போகிறது. கெர்னல் தரவைத் தன் இடத்துக்கு நகலெடுக்கிறது. துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் முகவரி எழுதி, சரிபார்ப்பு எண் போட்டு, கார்டிடம் கொடுக்கிறது. எதிர்ப்பக்கத்தில் கார்டு புராசசரைத் தட்டி எழுப்புகிறது. அங்குள்ள கெர்னல் பொட்டலத்தைப் பிரித்து, சரிபார்த்து, இன்னொரு நகலெடுத்து, தூங்கிக்கொண்டிருக்கும் புரோகிராமை எழுப்பி அதன் கையில் கொடுக்கிறது. அரசு அலுவலகத்தில் கோப்பு மேசை மேசையாக நகர்வது போலத்தான். நடக்கிற தூரம் பத்தடி, ஆகிற நாள் பத்து.

கெர்னல் இதையெல்லாம் வேண்டுமென்றே செய்யவில்லை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம், பொட்டலம் வழியில் தொலையலாம் என்ற உலகத்துக்காக அமைத்த ஏற்பாடு அது. ஒரே அறையில், ஒருவர் கையில் உள்ள 144 கணினிகளுக்கு நடுவே இத்தனை சம்பிரதாயம் தேவையா என்ற கேள்வி 1990-களில் பலருக்கும் வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1995-இல் வெளிவந்த ‘யூ-நெட்’ ஆய்வு, புரோகிராம் கெர்னலைக் கேட்காமல் நேரடியாக நெட்வொர்க் கார்டிடம் பேச வழி காட்டியது. பாதையைத் திறக்கும்போது மட்டும் கெர்னல் வந்து அனுமதி கொடுக்கும், பிறகு ஒதுங்கிக்கொள்ளும். அந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான வெர்னர் வோகல்ஸ் பிற்பாடு அமேசானின் தொழில்நுட்பத் தலைவரானார். 1997-இல் காம்பாக், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து இதே வழியில் விஐஏ என்ற தரத்தைக் கொண்டுவந்தன. 2000-இல் இன்ஃபினிபேண்ட் என்ற வேகமான நெட்வொர்க்கின் முதல் தரம் வெளியானது.

இவற்றிலிருந்து திரண்டு வந்ததுதான் இன்று ஆர்டிஎம்ஏ என்று சொல்லப்படும் முறை. ஒரு கணினியின் நெட்வொர்க் கார்டு, இன்னொரு கணினியின் நினைவகத்தில் நேரடியாகப் போய் எழுதும், அல்லது அங்கிருந்து படித்துக்கொண்டு வரும். அந்தப் பக்கத்துப் புராசசருக்கு இது தெரியக்கூடத் தெரியாது, அது தன் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் நகல் இல்லை, தட்டி எழுப்புவது இல்லை. 30 மைக்ரோவிநாடி ஒன்றரையாக இறங்கியது இப்படித்தான். இதற்குச் சந்தையில் உள்ள மதிப்பைத் தெரிந்துகொள்ள ஒரு தகவல் போதும்: இன்ஃபினிபேண்ட் கார்டுகளுக்குப் பேர்போன மெல்லனாக்ஸ் கம்பெனியை என்விடியா ஏறக்குறைய 700 கோடி டாலர் கொடுத்து 2020-இல் வாங்கி முடித்தது.

இரண்டு கடை, ஒரு நோட்டு

சரி, இன்னொரு கணினியின் நினைவகத்தில் நேரடியாக எழுத முடியும் என்றால், எல்லாக் கணினிகளின் நினைவகத்தையும் சேர்த்து ஒரே பெரிய நினைவகமாகக் காட்டிவிட்டால் என்ன? புரோகிராம் எழுதுகிறவருக்கு அனுப்புவது, பெறுவது என்ற தொல்லையே இருக்காதே.

இந்த ஆசை ஆர்டிஎம்ஏவுக்கும் மூத்தது. யேல் பல்கலைக்கழகத்தில் காய் லீ 1986-இல் தன் முனைவர் பட்டத்துக்காக இதைச் செய்து காட்டினார். அதற்கு ‘ஐவி’ என்று பெயர். இதே காய் லீ பிற்பாடு, கணினிப் பார்வைத் துறையைப் புரட்டிப்போட்ட இமேஜ்நெட் ஆய்வுக் கட்டுரையிலும் பங்காளி.

ஐவி செய்த தந்திரம் அழகானது. நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிந்திருக்கும், இன்றைய கணினிகளில் ஒரு பக்கம் பெரும்பாலும் 4,096 பைட். புரோகிராம் தன்னிடம் இல்லாத பக்கத்தைத் தொட்டால் புராசசர் கெர்னலிடம் புகார் செய்யும். வழக்கமாகக் கெர்னல் அந்தப் பக்கத்தை டிஸ்க்கிலிருந்து கொண்டுவரும். ஐவி அதை மாற்றி, டிஸ்க்குக்குப் பதில் பக்கத்துக் கணினியிலிருந்து கொண்டுவந்தது. புரோகிராமுக்கு ஒன்றும் தெரியாது. தன் நினைவகத்தைத் தான் படிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

இதில் சிக்கல் எங்கே என்று பார்க்க, ஒரே ஊரில் இரண்டு தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பியை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்களின் கடன் கணக்கு இருவருக்கும் பொது, ஒரே நோட்டு. படிப்பதற்கு மட்டும் என்றால் தொல்லையில்லை, ஜெராக்ஸ் எடுத்து இருவரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். எழுத வேண்டும் என்றால்தான் பிரச்சினை. அண்ணன் ஒரு பக்கத்தில் எழுதப் போகிறார் என்றால், தம்பியிடம் இருக்கும் நகல் அந்த நொடியே செல்லாமல் போக வேண்டும். இல்லாவிட்டால் தம்பி பழைய கணக்கைப் பார்த்து, கடனை அடைத்துவிட்டுப் போனவரிடமே மறுபடி பணம் கேட்பார். ஐவியின் விதியும் இதுதான்: படிக்கப் பலரிடம் நகல் இருக்கலாம், எழுதும் நேரத்தில் ஒரே ஒருவரிடம்தான் பக்கம் இருக்க வேண்டும்.

இப்போது அந்தப் பக்கத்தின் மேல் பாதியில் முருகேசன் கணக்கு, கீழ் பாதியில் செல்வி கணக்கு என்று வைப்போம். முருகேசன் எப்போதும் அண்ணன் கடைக்குத்தான் போவார், செல்வி தம்பி கடைக்கு. இருவர் கணக்குக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் முருகேசன் ஒரு கிலோ சர்க்கரை வாங்கினால் பக்கம் அண்ணனிடம் போக வேண்டும். செல்வி ஒரு தேங்காய் வாங்கினால் தம்பியிடம் போக வேண்டும். கடைப்பையன் நாள் முழுக்க ஒரே தாளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குத் தெரு ஓடுவான். இதற்குப் பொய்ப் பகிர்வு என்று பெயர். பகிர்வதற்கு எதுவும் இல்லாமலே பகிர்ந்துகொண்டிருப்பது. பகிர்ந்த நினைவகத்தின் வேகத்தைக் கெடுத்ததில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் 1990-களின் தொடக்கத்தில் முனின், அப்புறம் ட்ரெட்மார்க்ஸ் என்று இரண்டு அமைப்புகளைக் கட்டினார்கள். அவர்கள் செய்தது நம் கடை மொழியிலேயே சொல்லக்கூடியது. எழுதத் தொடங்கும் முன் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஓரமாக வைத்துக்கொள். பிறகு உன் நோட்டில் தாராளமாக எழுது. அண்ணனும் எழுதட்டும், தம்பியும் எழுதட்டும். கணக்கு ஒப்படைக்கும் நேரம் வந்ததும், எழுதியதையும் பழைய ஜெராக்ஸையும் ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பு. முருகேசன் வரி அண்ணனிடமிருந்து வரும், செல்வி வரி தம்பியிடமிருந்து வரும், இரண்டும் மோதாமல் சேர்ந்துவிடும். 4,096 பைட்டுக்குப் பதில் சில பத்து பைட்.

கணக்கு ஒப்படைக்கும் நேரம் எது என்பது இன்னும் முக்கியமான கேள்வி. ஒவ்வொரு வரி எழுதும்போதும் உலகத்துக்கே அறிவிக்கத் தேவையில்லை. பொதுவான தரவைத் தொடும் புரோகிராம்கள், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடும்படி எப்படியும் பூட்டுப் போட்டுத்தான் தொடும். பூட்டைத் திறந்து விடும்போது மாற்றங்கள் தெரிந்தால் போதும். ட்ரெட்மார்க்ஸ் அதைவிட ஒரு படி சோம்பேறித்தனம் காட்டியது. பூட்டை விடும்போதுகூட எல்லோருக்கும் சொல்லாது. அடுத்து அந்தப் பூட்டை யார் வாங்குகிறாரோ அவரிடம் மட்டும், அவர் வாங்கும்போது மட்டும் சொல்லும். 1992-இல் வெளிவந்த இந்த முறையின் பெயரிலேயே ‘லேசி’ என்ற சொல் உண்டு. கணினி உலகில் சோம்பேறி என்பது பல நேரம் பாராட்டு.

இவ்வளவு புத்திசாலித்தனத்துக்குப் பிறகும் கிளஸ்டர் உலகம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. 1994-இல் எம்பிஐ என்ற தரம் வந்தது. அதில் அனுப்பு, பெறு என்று புரோகிராமரே கைப்பட எழுத வேண்டும். கஷ்டமான வழிதான் ஜெயித்தது. என் கணிப்பு இது: பகிர்ந்த நினைவகம் தூரத்தை மறைத்தது. பேனா மேசைமேல் இருந்தாலும் மதுரையில் இருந்தாலும் புரோகிராமில் எழுதுவது ஒரே மாதிரி வரி. எந்த வரிக்கு ஒரு விநாடி, எந்த வரிக்கு எட்டு மணி நேரம் என்று படித்துப் பார்த்துச் சொல்ல முடியாது. எம்பிஐயில் மதுரைக்கு டிக்கெட் எடுப்பது கண்முன்னே தெரியும். தெரிந்தால் கை தானாகவே சிக்கனமாகிவிடும்.

ஒரே பெட்டிக்குள்ளும் இதே கதை

புராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளைக் கோர் என்பார்கள். ஒரு கணினிக்குள் இருக்கும் பல கோர்கள் உண்மையாகவே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே பக்கத்துக்குப் பதில், கேச்சுக்குள் ஒரே துண்டாக வந்துபோகும் 64 பைட், அதாவது கேச் வரி. விதி அதேதான்: எழுதும்போது ஒரு கோரிடம் மட்டும்தான் வரி இருக்கலாம். எட்டு த்ரெட்டுகள் (ஒரே புரோகிராமில் ஒரே நேரத்தில் ஓடும் கிளைகள்), ஒவ்வொன்றுக்கும் 8 பைட் எண்ணிக்கை மாறி ஒன்று, எட்டையும் ஓர் அணியில் அடுத்தடுத்து வைத்தால் சரியாக 64 பைட். எட்டும் ஒரே வரியில் உட்கார்ந்துவிடும். பிறகு எட்டுக் கோர்களும் அந்த ஒரு வரிக்காக இழுபறி செய்யும். கோர் கூடக் கூட வேகம் குறையும் விசித்திரத்தை இதில் பார்க்கலாம். தீர்வு, ஒவ்வொரு மாறிக்கும் நடுவே வெற்றிடம் விட்டு ஆளுக்கு ஒரு வரி கொடுப்பது. அல்லது, என்னைக் கேட்டால் இதுதான் மேல், ஒவ்வொரு த்ரெட்டும் தன் சொந்த மாறியில் எண்ணிவிட்டுக் கடைசியில் ஒருமுறை கூட்டினால் போதும்.

இரண்டு புராசசர் உள்ள சர்வரில் இன்னொரு பொறியும் உண்டு. நினைவகம் பாதி இந்தப் புராசசரோடும் பாதி அந்தப் புராசசரோடும் ஒட்டியிருக்கும். இதை நூமா என்பார்கள். அந்தப் பக்க நினைவகத்தைத் தொட நேரம் கூடும். லினக்ஸ் இயங்குதளம் வழக்கமாக, ஒரு பக்கத்தை யார் முதலில் தொடுகிறாரோ அவர் அருகில் அதை வைக்கும். முதன்மை த்ரெட் ஒன்றே மொத்த அணியையும் பூஜ்யமாக்கி வைத்தால், எல்லாப் பக்கமும் ஒரு புராசசர் பக்கமே குவிந்துவிடும். பிறகு மற்றப் புராசசரின் கோர்கள் காலம் முழுக்க எதிர்வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்க வேண்டியதுதான். யார் கணக்குப் போடப் போகிறாரோ அவரே பூஜ்யமாக்கட்டும். இந்த ஒரு திருத்தம் போதும்.

2019-இல் தொடங்கிய சிஎக்ஸ்எல் என்ற இணைப்புத் தரம், பல கணினிகளுக்குப் பொதுவான நினைவகம் என்ற பழைய ஆசையை வன்பொருளில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. 2022-இல் வந்த அதன் 3.0 பதிப்பில் பல கணினிகள் ஒரே நினைவகப் பகுதியைப் பகிர்ந்துகொள்ளலாம். இங்கே நோட்டின் பக்கம் 4,096 பைட் அல்ல, 64 பைட். முருகேசனும் செல்வியும் ஒரே தாளில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. பையன் ஓடுவது மட்டும் நிற்காது.

கப்ருவின் கணக்கு

இப்போது தொடக்கத்தில் சொன்ன கணக்கைப் போடலாம். கப்ரு செய்த கணக்குகள் நான்கு பரிமாணக் கட்டங்களில் நடப்பவை. நமக்கு இரண்டு பரிமாணம் போதும். 1,440 நீளம், 1,440 அகலம் உள்ள ஒரு கட்டம். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் அதன் நான்கு அண்டைப் புள்ளிகளைப் பார்த்து மாறும். உலோகத் தகட்டில் வெப்பம் பரவுவது இப்படித்தான் கணக்கிடப்படுகிறது. ஒரு புள்ளிக்கு 1 நானோவிநாடி என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 20,73,600 புள்ளிகள், ஒரே கணினியில் ஒரு சுற்றுக்கு 2,074 மைக்ரோவிநாடி. இதை 144 கணினிகளுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 14,400 புள்ளிகள், 14.4 மைக்ரோவிநாடி வேலை.

எப்படி வெட்டுவது? புடவை போல நீளவாக்கில் 144 பட்டைகளாக வெட்டினால் ஒவ்வொரு பட்டையும் 10 வரிசை. இரண்டு பக்கத்து விளிம்பையும் அண்டைக்காரருக்கு அனுப்ப வேண்டும். 2 செய்திகள், மொத்தம் 2,880 எண்கள், 23,040 பைட். பர்ஃபி போலச் சதுரமாக வெட்டினால் ஒவ்வொன்றும் 120-க்கு 120. நான்கு பக்கமும் அனுப்ப வேண்டும். 4 செய்திகள், மொத்தம் 480 எண்கள், 3,840 பைட். பாடப்புத்தகங்கள் பர்ஃபிதான் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும், அனுப்ப வேண்டிய அளவு ஆறில் ஒரு பங்காகிவிடுகிறதே.

10 ஜிகாபிட் ஈதர்நெட்டில், செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிப் பார்ப்போம். புடவை வெட்டு: தாமதம் 60, பயணம் 18.4, ஆக 78.4 மைக்ரோவிநாடி. பர்ஃபி வெட்டு: தாமதம் 120, பயணம் 3.1, ஆக 123. பாடப்புத்தகம் தோற்றுவிட்டது. அதே பேண்ட்வித்தில் தாமதம் மட்டும் 1.5 மைக்ரோவிநாடியாக இருந்தால்? புடவை: 3-உம் 18.4-உம் சேர்ந்து 21.4. பர்ஃபி: 6-உம் 3.1-உம் சேர்ந்து 9.1. இப்போது பாடப்புத்தகம் ஜெயிக்கிறது. எப்படி வெட்டுவது என்பதை நெட்வொர்க்கைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்பதை எனக்குப் புரியவைத்தது இந்தக் கணக்குதான்.

அடுத்து, காத்திருக்கும் நேரத்தை மறைக்கும் வித்தை. 120-க்கு 120 சதுரத்தில் விளிம்பில் உள்ளவை 476 புள்ளிகள்தான். உள்ளே இருக்கும் 13,924 புள்ளிகளுக்கு அண்டைக்காரரின் செய்தி தேவையே இல்லை. எனவே செய்தியை அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் உள்பகுதிக் கணக்கைத் தொடங்கிவிடலாம். எம்பிஐயில் இதற்கென்றே காத்திருக்காத அனுப்பல் உண்டு. உலையை வைத்துவிட்டுக் காய் நறுக்குவது மாதிரி. உள்பகுதிக்கு 13.9 மைக்ரோவிநாடி ஆகும். வேகமான நெட்வொர்க்கின் 9.1 அதற்குள் முழுசாக மறைந்துவிடும். ஒரு சுற்று ஏறக்குறைய 14.4-இல் முடியும். 2,074-ஐ 14.4-ஆல் வகுத்தால் 144. போட்ட கணினி அத்தனைக்கும் வேலை.

ஈதர்நெட்டில் நம்மிடம் உள்ள சிறந்த எண் 78.4. உள்பகுதிக் கணக்கெல்லாம் அதற்குள் முடிந்துபோய், மீதி நேரம் சும்மா இருக்க வேண்டும். 2,074-ஐ 78.4-ஆல் வகுத்தால் 26. அதாவது 144 கணினிகளை வாங்கி, 26 கணினிகளின் வேலையைப் பெறுகிறோம். இன்னும் சில கணினிகளை வாங்கிச் சேர்த்தால் ஆளுக்கு உள்ள வேலை இன்னும் சுருங்கும், காத்திருப்பு அப்படியே இருக்கும். தாளில் போட்ட கணக்குதான் இது. உண்மையில் அனுப்புவதற்கே புராசசருக்குக் கொஞ்சம் வேலை உண்டு, எண்கள் சற்று மாறும். ஆனால் காசு ஏன் கேபிளில் போனது என்பதற்கு இது போதும்.

அந்த 26-உம் உறுதியில்லை. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் ‘மாற்றம் போதுமான அளவு குறைந்துவிட்டதா, நிறுத்தலாமா’ என்று எல்லாக் கணினிகளும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று வையுங்கள். எல்லோரும் தங்கள் எண்ணை ஒருவருக்கே அனுப்பினால் அவரிடம் 143 செய்திகள் வரிசையில் நிற்கும். அதைவிட, இருவர் இருவராகக் கூட்டிக்கொண்டு, பிறகு இரண்டு இரண்டு ஜோடியாகச் சேர்ந்து என்று மரம் போல ஏறினால் 8 கட்டத்தில் முடியும், ஏனென்றால் 2-ஐ எட்டு முறை பெருக்கினால் 256, அது 144-ஐத் தாண்டிவிடுகிறது. உலகின் வேகமான கணினிகள் பட்டியலில் 2022-இல் முதலிடம் பிடித்த ஃப்ரான்டியரில் 9,400-க்கும் மேற்பட்ட கணினிகள், அங்கேகூட 14 கட்டம் போதும். எம்பிஐ நூலகங்கள் இதைத் தாங்களாகவே செய்துகொள்ளும், நாம் எழுத வேண்டியதில்லை.

ஆனாலும் ஈதர்நெட்டில் 8 கட்டம் என்றால் 240 மைக்ரோவிநாடி. சுற்றுக்கு 78.4 என்று இருந்தது 318.4 ஆகிறது. 2,074-ஐ அதனால் வகுத்தால் ஆறரை. 144 கணினிகள், ஆறரைக் கணினியின் வேலை. இதைச் சரிசெய்ய எந்தக் கார்டும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் கேட்பதை விட்டு நூறு சுற்றுக்கு ஒருமுறை கேட்டால், சுற்றுக்கு 2.4 மைக்ரோவிநாடிதான் கூடும். அதிகம் போனால் 99 சுற்று தேவையில்லாமல் ஓடும். புரோகிராமில் மாற வேண்டியது ஒரே ஒரு வரி.